இசக்கிமுத்து, ஏழாவது வரிசை

அக்டோபர் 7, சனி

இந்தக் குறிப்பேட்டை எனக்குத் தந்தது நாட்குறிப்பு எழுத அல்ல. ஹர்டில் உயரங்களைக் குறித்து வைத்துக்கொள்ளத் தந்தார்கள். மொத்தமே ஐந்து உயரம்தான். முதல் பக்கத்தில் ஐந்து வரியில் முடிந்துவிட்டது. மீதிப் பக்கங்களை ஏன் வீணாக்க வேண்டும்?

மஸ்கட் வந்து மூன்று நாள். ஐம்பத்திரண்டு நாட்டுக்காரர்கள் ஓடப் போகிற தடகளப் போட்டி. தடை ஓட்டத்தில் அவர்கள் தாண்டுவதற்கு ஹர்டில் வைப்பதும், தாண்டி முடித்ததும் எடுப்பதும் எங்கள் வேலை. எட்டு லேன், லேனுக்குப் பத்து, ஆக எண்பது. ஒரு லேனில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பத்தும் பத்து வரிசை. வரிசைக்கு ஓர் ஆள். எனக்கு ஏழாவது வரிசை. பதின்மூன்று நொடியில் முடிகிற ஓட்டத்துக்கு நாங்கள் விடியலில் பஸ் ஏறிப் பொழுது சாய்ந்துதான் இறங்குகிறோம்.

இன்று அடையாள அட்டை கொடுத்தார்கள். பெரிய எழுத்தில் ESAKKIMUTHU. அதற்குக் கீழே எறும்பு அளவில் Suyambulingam. சூப்பர்வைசர் ரமில் பிலிப்பைன்ஸ்காரர், நல்ல மனிதர். பெரிய எழுத்தைத்தான் படிப்பார். "இசாக்கி! இசாக்கிமுத்து!" என்று நாள் முழுக்கக் கூப்பிட்டார். பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் 'இ.' என்ற இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டதன் பலன்.

பள்ளிக்கூடத்தில் ஒருவனைச் சீண்ட வேண்டுமென்றால் அவன் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம். மூக்கு உடையாமல் அந்தச் சண்டை ஓயாது. இங்கே சம்பளம் கொடுத்துச் சீண்டுகிறார்கள்.

அக்டோபர் 8, ஞாயிறு

நான்காவது வரிசைக்கு இன்று ஒரு தமிழ் ஆள் வந்தார். பணகுடிக்காரர். ஐம்பது தாண்டிய வயது, மை பூசிய மீசை, வளைகுடாவில் இருபது வருட அனுபவம். அதை ஒரு மணி நேரத்தில் நான்கு முறை சொன்னார். அட்டையைப் பார்த்தேன். ESAKKIMUTHU.

"ஒங்களுக்கும் அப்பா பேரா அண்ணாச்சி?"

"எதுக்கு? எம் பேருதான். பாஸ்போட்டுல குடும்பப் பேரு கட்டத்த சும்மா விட்டுட்டேன். நீ யாரு, எம் பேர மாட்டிக்கிட்டு அலையுத?"

விஷயத்தைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிடும் தொல்லை எனக்கு இல்லை. அவர் அண்ணாச்சி. அதோடு முடிந்தது.

மதியச் சாப்பாட்டின்போது ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வாக்கி டாக்கியில் அந்தப் பெயர் வந்தால் அவரே பதில் சொல்லிவிட வேண்டும். எனக்கான வேலையாக இருந்தால் தமிழில் என்னிடம் சொல்லிவிட வேண்டும்.

"பெத்தவன் பேருக்கு 'வாரேன்'னு சொல்லதுக்கு ஒனக்கு என்ன நோவு?" என்றார்.

"அது என் பேரு இல்லல்லா அண்ணாச்சி."

அக்கா செல்வக்கனி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். நாள் குறித்துவிட்டார்களாம். பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை, பாளையங்கோட்டையில் அப்பாவுக்கு இருதய பைபாஸ். "நெஞ்சப் பொளக்கப் போறாவடா தம்பி. அதுக்கு முன்ன ஒரு வார்த்த பேசுனா ஒன் வாய் தேஞ்சா போவும்?"

ஷிஃப்ட் நேரம் ஒத்து வராது என்று பதில் போட்டேன்.

அக்டோபர் 9, திங்கள்

ஒத்திகை. ஆண்களுக்கு 106.7 சென்டிமீட்டர், பெண்களுக்கு 83.8. ஹர்டிலின் இரண்டு காலிலும் பொத்தானை அழுத்தி இறக்க வேண்டும். மூன்று சொடுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று. கனவிலும் சொடுக்குச் சத்தம்தான்.

அக்டோபர் 10, செவ்வாய்

வெயில் காரணமாகப் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஓய்வு. பார்வையாளர் ஸ்டாண்டுக்கு அடியில் எல்லோரும் அட்டைப்பெட்டி விரித்துத் தூங்குகிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுதுகிறேன்.

அப்பாவுக்கும் எனக்கும் பேச்சு நின்று நான்கு வருடம். காரணம் என் மனைவி ஜெபாவா என்றால் இல்லை. வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள் என்று கத்தினார், கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றார், அதெல்லாம் ஆறு மாதத்தில் ஆறியிருக்கும். பத்திரிகைதான் கெடுத்தது. ஜெபா பக்கம் 'தேவசகாயம் அவர்களின் மகள்' என்று அச்சடித்தார்கள். என் பக்கம் 'சுயம்புலிங்கம்' என்று மட்டும் போடச் சொன்னேன். வராதவர் பெயர் எதற்கு என்று ஒரு வீம்பு. இனிஷியல்கூட இல்லை.

அந்தப் பத்திரிகை ஏரல் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவர் கைக்குப் போயிருக்கிறது. முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்த மனிதர். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது, எல்லோருக்கும் 'கண்டக்டர்'தான். அம்மாவும் கடைசி வரைக்கும் 'ஏங்க' என்பதைத் தாண்டியதில்லை. அவர் பெயர் அச்சில் வரக்கூடிய இடம் மகன் கல்யாணப் பத்திரிகை ஒன்றுதான். இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றியிருக்காது, இப்படி நாள் முழுக்கக் காதில் விழாவிட்டால்.

நேரே வீட்டுக்கு வந்தார். பத்திரிகையை என் முன்னால் போட்டார்.

"ஒவரி கோயில்ல நேந்து ஒனக்கு சுயம்புன்னு பேரு வச்சேன். அதுக்குன்னு தானா மொளச்சவன்னு நெனச்சிட்டியால?"

நான் குனிந்து பத்திரிகையை எடுத்தேன்.

"சரி. எம் பேரு இல்லாம பொழச்சிக் காட்டு."

பிழைத்துத்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன், கழுத்தில் அவர் பெயரைத் தொங்கவிட்டுக்கொண்டு.

அக்டோபர் 12, வியாழன்

தொடக்க விழா. வாணவேடிக்கையின் சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் கிடங்கில் ஹர்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

அண்ணாச்சி ஏற்பாட்டை ஒழுங்காக நடத்துகிறார். பெயர் வந்தால் "ஓகே, ஓகே" என்று அவர் குரல் போகிறது. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏ சுயம்பு, ஒன்னத்தான்" என்கிறார். சௌகரியமாக இருக்கிறது.

அக்டோபர் 13, வெள்ளி, மதியம்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் ஆண்கள் தடை ஓட்டம் முடிந்தது. உடனே பெண்கள் சுற்று. எண்பது ஹர்டிலையும் இடம் மாற்றி, மூன்று சொடுக்கு இறக்க எட்டே நிமிடம். என் வரிசையில் எட்டையும் இறக்கினேன். ஐந்தாவது லேனில் பொத்தான் மாட்டிக்கொண்டது. அதோடு மல்லுக்கட்டிவிட்டு ஆறாவது லேனுக்கு அவசரமாக வந்தேன். வாக்கி டாக்கியில் என்னவோ கரகரத்தது. கூட்டத்தின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. ஓரமாக வந்து உட்கார்ந்தோம். துப்பாக்கி வெடித்தது.

ஆறாவது லேனில் கஜகஸ்தான் பெண். ஆறு ஹர்டில் வரைக்கும் அவள்தான் முன்னால். ஏழாவதில் முழங்கால் இடித்து, ஹர்டிலோடு சேர்ந்து விழுந்தாள். இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதிகாரி ஒருவர் அளவுகோலுடன் ஓடி வந்தார்.

91.4. ஒரு சொடுக்கு பாக்கி. நான்கு விரல் உயரம்.

அதே நாள், மாலை

அவளை மட்டும் தனியாக ஓடவிட நடுவர்கள் முடிவு செய்தார்கள். ஐந்து மணிக்கு, ஆறாவது லேனில், பத்து ஹர்டில். அரங்கத்தில் பாதிக் கூட்டம் கலைந்திருந்தது. மணிக்கட்டில் வெள்ளைக் கட்டுடன் வந்தாள். ஓடுவதற்கு முன் பாதையில் மெல்ல நடந்து வந்தாள். ஆறு ஹர்டிலைத் திரும்பிப் பார்க்காமல் கடந்தாள். ஏழாவதின் முன்னால் நின்று, அதன் மேல் பலகையைத் தன் இடுப்போடு வைத்து அளந்து பார்த்தாள். நான் நான்கடி தள்ளி நின்றேன். என்னைப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? அவளுக்கு நான் அந்த ஹர்டிலின் இன்னொரு கால்.

அடுத்த சுற்றுக்குப் போக வேண்டிய நேரத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குத் தவறவிட்டாள்.

அக்டோபர் 14, சனி

விசாரணை. ரமிலின் பதிவேட்டில் எழுதியிருக்கிறதாம். 9.52க்கு 'இசக்கிமுத்து, ஏழாவது வரிசை, ஆறாவது லேன், உயரம் பார்' என்று அழைப்பு. 'ஓகே' என்று பதில். வேலை நடக்கவில்லை. அந்தக் குரல் யாருடையது என்று ரமிலுக்குத் தெரியும். ஓகே சொன்னவர்தான் பொறுப்பாம். அண்ணாச்சியைக் கூப்பிட்டு அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். முடிவு தெரியும்வரை அறையிலேயே இருக்க வேண்டும். அநேகமாக அடுத்த விமானத்தில் ஊருக்கு.

அண்ணாச்சி என்னைக் குறை சொல்லவில்லை. "நான் ஓகேன்னது எம் பேருக்கு. வேல ஒனக்குள்ளதுன்னு கையக் காட்டுனேன். நீ பாத்துட்டேன்னு நெனச்சேன். திரும்ப ஒரு சத்தம் குடுத்துருக்கணும். எம் மேலதான் தப்பு" என்றார். மீசையில் இன்று மை பூசவில்லை. வெள்ளை தெரிந்தது.

சட்டை இரண்டும் துவைத்தேன். ஜெபாவிடம் பேசினேன். பாப்பாவுக்குச் சளி. போட்டி எப்படிப் போகிறது என்று கேட்டாள். நன்றாகப் போகிறது என்றேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

பதின்மூன்றாம் தேதிக் குறிப்பில் 'சரியாகக் கேட்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன். இப்போது படித்துப் பார்த்தேன். யாரும் படிக்காத நோட்டில்கூட இந்தப் பித்தலாட்டம் தேவையா?

கேட்டது. நன்றாகவே கேட்டது. 'ஏழாவது வரிசை' என்பதும் கேட்டது, அண்ணாச்சி கையை வீசியதும் ஓரக்கண்ணில் தெரிந்தது. ஆறாவதில் இரண்டு சொடுக்கா மூன்றா என்று எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. நான்கு எட்டு வைத்திருந்தால் போதும். ஆனால் முதலில் காதில் விழுந்தது அந்தப் பெயர். அது விழுந்ததுமே உடம்பு தானாகத் திரும்பிக்கொண்டது. என்னை இல்லை, அவரை என்று. நான்கு வருடமாகப் பழக்கிவைத்த உடம்பு.

அக்கா இன்று பேசி அனுப்பிய செய்தி: "ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. நர்சு பாரத்த நெரப்புதா. பிள்ளைய எத்தனன்னு கேட்டா. நான் வாயத் தெறக்கும் முன்ன அப்பா ரெண்டுன்னு சொல்லிட்டாவ. பையன் பேரு என்னன்னா. இ. சுயம்புலிங்கம்னு இனிசியலோட சொல்லுதாவ."

இதை எத்தனை முறை கேட்டேன் என்று எழுதப் போவதில்லை.

அக்டோபர் 16, திங்கள்

காலையில் பஸ் ஏறும் முன்பே ரமிலிடம் போனேன். என் ஆங்கிலம் ஹர்டில் மாதிரி. பத்தடிக்கு ஒன்று இடிக்கும். "வெள்ளிக்கிழமை கூப்பிட்ட இசக்கிமுத்து நான்தான். ஏழாவது வரிசை என்னுடையது. எனக்குக் கேட்டது. நான் போகவில்லை" என்று மனப்பாடம் செய்ததைச் சொன்னேன்.

"கேட்டும் ஏன் போகவில்லை?"

"அது என் அப்பாவின் பெயர்."

ரமிலுக்கு விளங்கவில்லை. "என் அட்டையில் இருப்பதும் என் அப்பாவின் குடும்பப் பெயர்தான். கூப்பிட்டால் நான் போகிறேனே?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

எழுதி வாங்கிக்கொண்டார். கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அட்டையில் உள்ளபடி முழுப் பெயர் என்று இருந்தது. ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன்.

என்னை மைதானத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். போட்டி முடியும்வரை கிடங்கில் அடுக்குகிற வேலை. அதன் பிறகு இந்தக் கம்பெனியில் எனக்கு இடமில்லை. அண்ணாச்சிக்கு அட்டை திரும்பக் கிடைத்தது. தோளைத் தட்டுவார் என்று எதிர்பார்த்தேன் போலும். தட்டவில்லை.

"ரெண்டு நாளு மனுசன் அந்த ரூமுல கெடந்து செத்தேன். எம் பொண்டாட்டிட்ட என்ன சொல்லன்னு தெரியாம போன அமத்தி வச்சிருந்தேன். இப்பம் வந்துருக்கு ஒனக்கு ஞானம்."

சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. வாங்கிக்கொண்டேன். மாலையில் மீசை கறுத்திருந்தது.

அந்தக் கஜகஸ்தான் பெண்ணிடம் போய்ச் சொல்ல முடியாது. அவள் நேற்றே ஊர் திரும்பிவிட்டாளாம். அந்த ஒரு சொடுக்கு அப்படியேதான் இருக்கும்.

அக்டோபர் 17, செவ்வாய்

காலை ஏழு மணி. ஊரில் எட்டரை. கிடங்கில் நான் மட்டும். மற்றவர்கள் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். அடுக்கிய பலகை மேல் உட்கார்ந்திருந்தேன். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். எத்தனை தடவை என்று கணக்கு வைக்கவில்லை. கடைசியில் நானே அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஒம்பதுக்கு உள்ள கொண்டு போறாவ. தா, பக்கத்துலதான் இருக்காவ. குடுக்கட்டா?"

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதலில் மூச்சு மட்டும் கேட்டது. கூட்டமான பஸ்ஸில் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் எட்டுகிற குரல் அவருக்கு. இன்று பக்கத்தில் வைத்துக் கேட்டாலும் கேட்காது போலிருந்தது.

"சாப்ட்டியா?"

நான்கு வருடத்துக்குப் பிறகு முதல் கேள்வி.

"ம். நீங்க?"

"ஆபரேசனுக்குப் போறவனுக்கு யாரு சோறு போடுவா? வெறும் வயிறுதான்."

"பயமா இருக்காப்பா?"

"எனக்கு என்ன பயம்?" உடனே பேச்சை மாற்றினார். "பிள்ள நல்லாருக்காளா?"

"சளி. இப்பம் பரவால்ல."

"கற்பூரவல்லி எல ரெண்டு வாட்டிச் சாறு குடுக்கச் சொல்லு, அந்தப் பிள்ளைகிட்ட." ஜெபாவைத்தான் சொன்னார். பிறகு, "அங்க ஆளுவ மரியாதையா நடத்துதாவளா?"

"நடத்துதாவ."

"என்னன்னு கூப்புடுதாவ ஒன்ன?"

இதை அவரிடம் அக்கா சொல்லியிருப்பாளா? அக்காவுக்கே தெரியாதே. சும்மாதான் கேட்டார். 'பேரச் சொல்லித்தான்' என்று தப்பித்திருக்கலாம். சொல்லியும் பார்த்தேன்.

"பேரச் சொல்லித்தான்."

"எந்தப் பேர?"

பலகையிலிருந்து எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. யாராவது கேட்டால் அப்பா பெயரைச் சொல்லியிருக்கிறேன், அதுவும் குரலைத் தாழ்த்தி. அவரிடமே சொன்னதில்லை. ஊரில் எந்தப் பிள்ளைதான் சொல்லியிருக்கும்?

"இசக்கிமுத்து" என்றேன்.

அந்தப் பக்கம் தள்ளுவண்டியின் சக்கரம் எங்கோ கிறீச்சிட்டது. யாரோ ஒரு பெண் "போன வைங்க தாத்தா, நேரமாச்சு" என்றாள். கோபித்துக்கொண்டார், அவ்வளவுதான், இதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னல?" என்றார் அப்பா.

பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிக் கேட்பதுபோல இருந்தது. தன்னைத்தான் கூப்பிட்டேன் என்று எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லப்பா. சும்மாதான் கூப்ட்டேன்."

"சரி. வந்துருதேன்" என்றார். போன் அக்கா கைக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் ஹர்டில் அடுக்கினேன். ஒவ்வொன்றையும் அடுக்கும் முன் உயரம் சரிபார்த்தேன். கிடங்கில் படுத்துக் கிடக்கப்போகிற ஹர்டிலுக்கு எதற்கு உயரம் என்று யாரும் கேட்கவில்லை.

இரவு ஏழேகாலுக்கு அக்காவின் செய்தி வந்தது. மூன்று வார்த்தை. "முழிச்சாச்சு. தண்ணி கேட்டாவ."

அக்டோபர் 19, வியாழன்

போட்டி முடிந்தது. எல்லோரும் வரிசையில் நின்று அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரமில் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். "இசக்கிமுத்து" என்றதும் அண்ணாச்சி அட்டையைக் கழற்றினார். ரமில் மறுபடியும், "இசக்கிமுத்து" என்றார்.

"இருக்கேன்" என்றேன். தமிழில்தான் வந்தது. ரமிலுக்குப் புரிந்தது.

அட்டையைக் கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். அதற்கு ஒரு படிவம் இருக்கிறதாம். நிரப்பிக் கொடுத்தேன்.

பெட்டி கட்டியாயிற்று. சட்டை இரண்டு, ஜெபாவுக்கு அத்தர், பாப்பாவுக்கு ஒட்டகப் பொம்மை. எல்லாவற்றுக்கும் அடியில், துண்டில் சுற்றி, அட்டை.